வென்றவன் மட்டுந்தான் நம்மவனா?

1982ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தின் நடுப்பகுதியில், இரண்டே நாள் இடைவெளியில், இரு புதிய ஆசான்கள் கொழும்புத் தமிழரின் இல்லங்களுள் அடியெடுத்து வைத்தனர். அம்மாதம் 15ஆம் திகதி அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தன் சேவையைத் தொடங்கிற்று. 17ஆம் திகதி, தமிழ் யூனியன் கழகத்தின் இருப்பிடமான பி. சரவணமுத்து மைதானத்தில், இலங்கை அணி தன் முதலாவது ரெஸ்ற் துடுப்பாட்டப் போட்டியில் இங்கிலாந்தை எதிர்கொண்டது. முன்னையது சிறுவர்க்குக் காட்டூன் படங்களைக் கொணர்ந்தது. பின்னையது வளர்ந்தோர்க்குத் தொழில்முறை விளையாட்டு என்னும் பேருலகின் கதவைத் திறந்து வைத்தது.

பம்பலப்பிட்டியின் ஒழுங்கைகளிலும் தொடர்மாடிகளிலும் வாழ்ந்த மத்தியதர வர்க்கத்துத் தமிழ்ப் பெற்றோர் இவ்விரு ஆசான்களையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை. காட்டூன் என்பது படிப்பு நேரத்தை விழுங்கும் வீண் வேடிக்கை; பூனையும் எலியும் அடித்துக்கொள்வதைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போவர் என்றனர். விளையாட்டோ ஒழுக்கத்தை வளர்ப்பது, தோல்வியைத் தாங்கும் உள்ளத்தை அளிப்பது, ஆதலால் மதிப்புக்குரியது என்றனர். இன்று தொலைக்காட்சியின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது; தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

அது பிழையான தீர்ப்பு. வெற்றிக்கும் அங்கீகாரத்துக்கும் இடையிலான உறவைப் பொறுத்தவரை, இகழப்பட்ட காட்டூன் உண்மையைக் கற்பித்தது. புகழப்பட்ட தொழில்முறை விளையாட்டு, அது நுகரப்படும் முறையினால், பொய்யைக் கற்பித்தது. அப்பொய்யை நம்பிய சமூகம் தன் பிள்ளைகளுக்கும் தனக்கும் இழைத்துக்கொண்ட தீங்கு சிறிதன்று.

பூனை கற்பித்த பாடம்

வில்லியம் ஹனா, ஜோசப் பார்பெரா ஆகிய இருவரும் 1940இல் ரொம் – ஜெரி படங்களைத் தொடங்கினர். அப்படங்களில் எலி தப்பிவிடும், பூனை அடிபடும் என்பது, மிகச் சில படங்கள் நீங்கலாக, முதற் காட்சியிலேயே தெரிந்த முடிவு. முடிவு தெரிந்த ஒரு போட்டியைக் குழந்தை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறது? யார் வென்றார் என்பதை அறிவதற்காக அன்று. பூனை தீட்டும் திட்டத்தையும், அது தவறும் விதத்தையும், தவறிய பின்னும் அது எழுந்து வருவதையும் காண்பதற்காகவே பார்க்கிறது. தலைப்பில் முதலில் நிற்பது தோற்கும் பூனையின் பெயர் என்பதைக் குழந்தை ஒருபோதும் அநியாயமாகக் கருதியதில்லை.

சக் ஜோன்ஸ் 1949இல் அறிமுகப்படுத்திய பாலைநிலத்து ஓநாயின் கதை இதனினும் தெளிவானது. விரைந்தோடும் பறவையொன்றைத் துரத்துவதே அதன் வாழ்வு. மலையுச்சியிலிருந்து விழுகிறது, தன் வெடிமருந்தில் தானே கருகுகிறது, மறுகணம் புதிய சூழ்ச்சியோடு நிற்கிறது. பார்ப்போரின் பரிவு எப்போதும் ஓநாயின் பக்கமே நிற்க வேண்டும் என்பது ஜோன்ஸ் தமக்கு வகுத்துக்கொண்ட விதிகளுள் ஒன்று. வெற்றி பறவைக்கு, அங்கீகாரம் ஓநாய்க்கு. இவ்விரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதை எந்தத் தத்துவ நூலும் ஆறு வயதுப் பிள்ளைக்கு இத்துணை எளிதாக விளக்கியிராது.

பக்ஸ் பனி என்னும் முயலோ வெல்லும் இனத்தைச் சேர்ந்தது. ஆயின் அதன் வெற்றிக்கும் ஒரு நியாயம் விதிக்கப்பட்டிருந்தது. ஜோன்ஸ் இயக்கிய படங்களில் முயல் தானாக வம்புக்குப் போவதில்லை. வளையருகே துப்பாக்கியோடு வந்து நிற்பவனையே அது எதிர்க்கிறது. டைட்டஸ் தொட்டவத்த இம்முயலுக்குச் சிங்களப் பேச்சும் சிங்கள நையாண்டியும் அளித்து, 'ஹா ஹா ஹரி ஹாவா' என்ற பெயரில் ரூபவாஹினியில் உலவவிட்டார். பம்பலப்பிட்டித் தமிழ்ச் சிறுவரும் அம்முயலைக் கண்டு சிரித்தனர். வலியவன் வெல்வதற்கும் நியாயமுள்ளவன் வெல்வதற்கும் உள்ள வேறுபாட்டை மொழி வேலி கடந்து அவர்கள் உணர்ந்தனர்.

காட்டூனில் குறை இல்லாமலில்லை. அதில் அடிபட்டவன் இறப்பதில்லை, எரிந்தவனுக்கு வடுவில்லை, வன்முறைக்கு விலை இல்லை. இக்குற்றச்சாட்டு ஏற்கத்தக்கதே. எனினும், தோற்றவன் மதிப்பிழந்தவன் என்ற கொடிய பொய்யை மட்டும் அது சொல்லித் தரவில்லை.

திரைக்கு வெளியே நிகழ்ந்தது

திரையில் இருந்த நீதி, திரையை ஆக்கிய தொழிற்கூடத்தில் இருக்கவில்லை என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. ரொம் – ஜெரி படங்கள் ஏழு ஒஸ்கார் விருதுகளை ஈட்டின. அவற்றை மேடையேறிப் பெற்றுக்கொண்டவர் தயாரிப்பாளர் பிரெட் குவிம்பி. பூனையையும் எலியையும் படைத்த ஹனாவும் பார்பெராவும் அவ்விருதுகளைத் தம் பெயரிற் பெறவில்லை. வால்ற் டிஸ்னியின் நிறுவனத்தில் 1941இல் ஓவியக் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலியோடு சேர்த்து அவர்கள் எழுப்பிய குறைகளுள் ஒன்று, தம் உழைப்பில் உருவான படங்களில் தம் பெயர்கள் காட்டப்படவில்லை என்பதாகும்.

இவ்வரலாறு ஓர் உண்மையை வெளிப்படுத்துகிறது. அங்கீகாரம் என்பது திறமையிலிருந்து தானாகச் சுரப்பதன்று. அதனை வழங்கும் அதிகாரம் எவர் கையில் உள்ளது என்பதைப் பொறுத்தே அது போய்ச் சேரும் இடம் அமைகிறது. 'திறமை இருந்தால் எவராலும் மறைக்க முடியாது' என்று மாணவர்க்கு உபதேசிப்போர் இந்த ஏழு சிலைகளின் கதையை அறிந்துகொள்வது நன்று.

டிஸ்னி நிறுவனம் 1935இல் ஆமை – முயல் ஓட்டக் கதையைப் படமாக்கி ஒஸ்கார் பெற்றது. அக்கதையைத் தமிழ்ப் பாடசாலைகள் இன்றும் விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்கின்றன. ஆயின் அக்கதையில் கூர்ந்து நோக்க வேண்டியது ஆமையையோ முயலையோ அன்று, பார்த்திருக்கும் கூட்டத்தையே. ஓட்டம் தொடங்கும்போது ஆமையை ஏளனம் செய்த அதே கூட்டம், அது எல்லைக் கோட்டைக் கடந்ததும் ஆரவாரிக்கிறது. ஆமை மாறவில்லை, அதன் நடையும் மாறவில்லை. கூட்டத்தின் தராசில் வெற்றியைத் தவிர வேறு படிக்கல் இல்லை. கொழும்புத் தமிழ்ச் சமூகம் தன்னை ஆமையின் இடத்தில் வைத்துப் பார்த்துப் பெருமிதம் கொள்கிறது. உண்மையில் அது வீற்றிருப்பது அந்தக் கூட்டத்தின் நடுவிலேயாகும்.

விலையான மதிப்பு

விளையாட்டு தொழிலாவது இழுக்கன்று. பிறப்பாலும் செல்வத்தாலும் உயர்ந்தோர் பொழுதுபோக்காக ஆடிய ஆட்டத்தை ஏழை வீட்டுப் பிள்ளையும் ஆடிப் பிழைக்கலாம் என்றாக்கியது தொழில்முறையே. கண்டிக்கத்தக்கது அதுவன்று. மதிப்பையும் விலையையும் ஒன்றாக்கிவிடும் வழக்கமே கண்டிக்கத்தக்கது. 2008ஆம் ஆண்டு பெப்ரவரியில் இந்தியன் பிறீமியர் லீக் வீரர்களை ஏலத்தில் எடுத்தபோது, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு தொகை எழுதப்பட்டது. அன்று முதல் துடுப்பாட்ட வீரனின் தரத்தைப் பற்றிய பேச்சு, அவன் போன விலையைப் பற்றிய பேச்சாகவும் ஆயிற்று. விளம்பரதாரனுக்கு வேண்டியது வென்ற முகம். தோற்ற முகத்தை வைத்து அவன் சவர்க்காரம் விற்க மாட்டான். அவன் நோக்கில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால், ஒரு சமூகம் தன் பிள்ளைகளை விளம்பரதாரனின் கண்ணால் ஏன் பார்க்க வேண்டும்?

அங்கீகாரம் வெற்றிக்குப் பின்னரே வர வேண்டும் என்பது இயற்கை விதியுமன்று. இலங்கைத் துடுப்பாட்டத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1981இல் சர்வதேசத் துடுப்பாட்டப் பேரவை இலங்கைக்கு முழு உறுப்புரிமை அளித்தது. 1982இல் ஆடிய முதலாவது ரெஸ்ற் போட்டியில் இலங்கை ஏழு விக்கெற்றுகளால் தோற்றது. முதலாவது ரெஸ்ற் வெற்றி 1985 செப்ரெம்பரிலேயே, இந்தியாவுக்கு எதிராக, அதே சரவணமுத்து மைதானத்தில் கிட்டியது. 1996இல் உலகக் கிண்ணம் வந்தது. முதலில் இடம் தரப்பட்டது. தோற்கும் உரிமையும் உடன் தரப்பட்டது. அதன் பின்னரே வெற்றி விளைந்தது. 'முதலில் வென்று காட்டு. பிறகு பார்க்கலாம்' என்று அப்பேரவை சொல்லியிருந்தால், லாகூரில் கிண்ணம் ஏந்திய அணி ஒன்று உருவாகியிருக்குமா?

வென்றவனுக்கே எல்லாம் என்னும் முறை, வெற்றியையே களவாடத் தூண்டுவதும் உண்டு. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் டங்கன் வைற் வெள்ளி பெற்ற பின்னர், இலங்கை அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 52 ஆண்டுகள் காத்திருந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றர் ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பயன்படுத்தியமையை 2007இல் ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தார். சுசந்திகாவின் வெண்கலம் 2009இல் வெள்ளியாயிற்று. மேடையில் நின்று கீதம் கேட்க வேண்டிய கணம் ஒன்பது ஆண்டுகளின் பின் திரும்பி வருமா? முதலாவதாக வந்தவரை மட்டும் பார்த்த உலகம், பொய்யைப் பார்த்துக் கைதட்டியிருந்தது.

வெற்றி காப்பாற்றுமா?

இதுவரை கூறியவை பொதுவானவை. கொழும்புத் தமிழருக்கே சிறப்பாக உரிய ஒரு நம்பிக்கை உண்டு. 'நாங்கள் சிறுபான்மையினர், ஆகவே எங்கள் பிள்ளைகள் மற்றவரிலும் இரு மடங்கு திறமை காட்ட வேண்டும். வென்றால் மதிப்பார்கள், மதித்தால் வாழ விடுவார்கள்' என்பதே அது. காலி வீதியின் இருமருங்கிலும் உள்ள ரியூட்டரிகளின் வாங்குகள் இந்நம்பிக்கையின் மீதே போடப்பட்டுள்ளன. இது அச்சத்தில் பிறந்த நம்பிக்கை, ஆகவே இரங்கத்தக்கது. ஆயினும் வரலாறு இதனைப் பொய்யெனக் காட்டியுள்ளது.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேர்ணிலும் ஒலிம்பிக் போட்டிகளில் இலங்கைக்காக உயரம் பாய்ந்தார். 1958இல் டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அது. அப்போட்டிகள் மே 24 முதல் ஜூன் 1 வரை நடைபெற்றன. இலங்கையில் தமிழருக்கு எதிரான வன்செயல் வெடித்தது மே 22இல். அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது மே 27இல். ஒரு தமிழ் இளைஞன் டோக்கியோவில் இலங்கையின் கொடிக்கீழ் நின்ற அந்த நாட்களில், கொழும்பிலே தமிழர் முகாம்களில் அடைக்கலம் புகுந்திருந்தனர். பின்னர் கப்பலேற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டனர்.

2.03 மீற்றர் உயரம் ஒரு வீட்டின் கூரையையேனும் நெருப்பிலிருந்து காத்ததா? இல்லை. 1983 யூலையில் பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் வீடுகளைத் தேடி வந்தவர்கள், உள்ளே இருப்பவர் பரீட்சையில் எத்தனை 'ஏ' பெற்றவர் என்று வினவவில்லை. மனிதனாக மதிக்கப்படும் உரிமை வெற்றிக்குக் கிடைக்கும் பரிசு அன்று. அது வெற்றிக்கு முற்பட்டது. தோற்றவனுக்கும், போட்டியில் இறங்காதவனுக்கும் உரியது. அதனை வென்று பெறலாம் என்று ஒரு சமூகம் ஒப்புக்கொள்ளுமாயின், வெல்லாத தன் மக்களுக்கு அது இல்லை என்பதையும் உடன் ஒப்புக்கொண்டதாகிறது. எதிரி சொல்லத் துணியாததைத் தானே சொல்லிவிடுகிறது.

முரளி என்னும் உரைகல்

முத்தையா முரளிதரனின் வரலாறு இவ்விடயத்தில் உரைகல்லாக அமைகிறது. கண்டியில் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்று, தமிழ் யூனியன் கழகத்துக்காகவும் ஆடியவர் அவர். 1995 டிசெம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களில் ஏழு தடவை அவரது பந்து வீச்சைத் தவறென அறிவித்தார். 1999இல் அடிலெய்டில் ரொஸ் எமர்சன் அவ்வாறே செய்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று எதிர்ப்புத் தெரிவித்தார். பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை அது என்பது ஆய்வுகூடங்களில் பரிசோதிக்கப்பட்டது. பின்னர் நடைபெற்ற ஆய்வுகள், பந்து வீசுவோருள் ஏறத்தாழ அனைவருமே ஓரளவு கையை நீட்டுகின்றனர் எனக் காட்டின. 2005இல் 15 பாகை வரை நீட்டலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2010 யூலை 22ஆம் திகதி காலி மைதானத்தில் அவர் தமது 800ஆவது ரெஸ்ற் விக்கெற்றைக் கைப்பற்றினார்.

வெற்றியின் எண்ணிக்கை எவ்வளவு உயர்ந்தாலும், ஏற்பதா மறுப்பதா என்பதை வேறு எவரோ தீர்மானிக்கின்றனர் என்பதற்கு இதனிலும் பெரிய சான்று வேண்டியதில்லை. ஆனால் குற்றத்தை மெல்பேர்ணின் மேல் மட்டும் சுமத்திவிட்டு ஓய்வது எளிது. கொழும்புத் தமிழரின் வரவேற்பறைகளில் நிகழ்ந்ததையும் கூற வேண்டும். மலையகத் தமிழரைத் தமக்குச் சரிநிகராக எண்ணாத, அவர்தம் பிள்ளைகளை வீட்டு வேலைக்கன்றி வேறெதற்கும் அழைக்காத குடும்பங்கள் பல அவ்வறைகளில் இருந்தன. அக்குடும்பங்களே, கண்டி மலைச்சாரலின் இந்திய வம்சாவளித் தமிழ் வீட்டுப் பிள்ளை உலகை வென்றதும் 'நம்மட முரளி' என்று உரிமை கொண்டாடின. விக்கெற்றுகளின் எண்ணிக்கை உயர உயர உறவும் நெருங்கிற்று. தேயிலைச் செடிகளுக்கிடையே நிற்கும் மற்றைய முத்தையாக்களின் பிள்ளைகளோடு அவ்வுறவு ஏற்பட்டதா? ஏற்படவில்லை. ஆகவே அது உறவன்று. வெற்றியில் பங்கு கேட்டல்.

இதன் மறுபக்கம் 2020இல் வெளிப்பட்டது. முரளிதரனின் வாழ்க்கையைத் திரைப்படமாக்கும் முயற்சிக்குத் தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் கடும் எதிர்ப்பு எழுந்தது. போரின் முடிவு குறித்த அவரது கூற்றுகளும் அரசியற் சார்பும் அதற்குக் காரணங்களாயின. அவ்வாண்டு ஒக்ரோபரில் நடிகர் விஜய் சேதுபதி அப்படத்திலிருந்து விலகினார். '800' என்ற அப்படம் வேறு நடிகருடன் 2023இல் வெளிவந்தது. ஒரு விளையாட்டு வீரரின் அரசியற் கருத்தை மறுக்கவும் கண்டிக்கவும் எவருக்கும் உரிமை உண்டு. பேரிழப்பைச் சந்தித்த மக்களின் சினம் பொருளற்றதுமன்று. ஆனால் அவரைப் பந்து வீச்சுக் கணக்கால் மட்டுமே அறிந்திருந்த சமூகத்திடம், தொழுவது, தூக்கியெறிவது என்னும் இரண்டைத் தவிர மூன்றாவது வழி இருக்கவில்லை. மனிதனை மனிதனாக முன்பே ஏற்றிருந்தால், அவனோடு நேர்மையாகச் சண்டையிடவும் முடிந்திருக்கும்.

மறந்துபோன அளவுகோல்

தோற்றவனை மதித்தல் அமெரிக்கக் காட்டூன் காரர் கண்டுபிடித்த புதுமை என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகில் புண்பட்டு, நாணி, வடக்கிருந்து உயிர் நீத்தான். வெண்ணிக்குயத்தியார் என்னும் புலவர் அவ்வெற்றியைப் பாடுகையில், வென்ற மன்னனின் முகத்தெதிரே நின்று, தோற்றவன் நின்னினும் நல்லனோ என்று வினவும் கருத்தை வைத்தார். அப்பாட்டு புறநானூற்றில் 66ஆவதாகத் தொகுக்கப்பட்டு இன்றும் பல்கலைக்கழகங்களில் பாடமாக உள்ளது. பேரரசனின் வெற்றி விழாவில் இதனைச் சொல்லும் துணிவு ஒரு புலவருக்கு இருந்தது. கேட்கும் செவியும் அரசனுக்கு இருந்தது. எளிய இரையை வீழ்த்திய அம்பிலும், பேரிலக்கை நோக்கிச் சென்று தவறிய படைக்கே வள்ளுவர் படைச்செருக்கில் உயர்வு தந்தார். இவற்றை விரிவுரை மண்டபத்தில் சிலாகித்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் 'எத்தனையாம் பிள்ளை?' என்று கேட்பது எவ்வகைத் தமிழ்ப் பற்று?

இந்த அளவுகோலால் அளந்தால் இரு பெயர்கள் வேறு ஒளியில் தோன்றும். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த வி. எஸ். குமார் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை ஒரே முயற்சியில் 51 மணித்தியாலங்களில் இருவழியும் நீந்திக் கடந்தார். பின்னர் கின்னஸ் சாதனைகள் பலவற்றை நிலைநாட்டினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர் நீத்தார். சாதனைப் பட்டியல் அவரது வெற்றிகளை மட்டுமே எண்ணும். ஆயினும், குளிர்ந்த அக்கடலில் முடிவுறாது நின்ற கடைசி நீச்சல் அவரது மற்றெந்த நீச்சலுக்கும் தாழ்ந்ததன்று.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தாட்டத்தில் இலங்கைக்குத் தூணாக நின்றவர். 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியில் அவர் ஆடினார். 2019இல் லிவர்பூலில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கை அணி பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே நின்றது. ஆனால் அப்போட்டியில் எல்லா நாட்டு வீராங்கனைகளிலும் கூடுதலாகக் கோல்களை இட்டவர் அவரே. பெண்ணின் உயரத்தைத் திருமணச் சந்தையின் குறையாகக் கணக்கிடும் சமூகத்தில், ஆறரை அடிக்கும் மேற்பட்ட ஒரு பெண் அவ்வுயரத்தையே கலையாக்கினார். அணி தோற்றது என்பதனால் அக்கலை இல்லாது போகுமா?

எதிர்வாதமும் விடையும்

'எல்லோரையும் பாராட்டினால் எவர்தான் முயல்வார்? முதற்பரிசு இல்லாவிடின் முன்னேற்றம் ஏது?' என்று வினவுவோர் உளர். இவ்வினா பரிசையும் அங்கீகாரத்தையும் குழப்புவதால் எழுவது. பரிசு ஒன்றே, அது முதலாவதாக வந்தவருக்கே உரியது, அதனைப் பலருக்குப் பகிர்ந்தளித்தல் முதலாவதாக வந்தவருக்குச் செய்யும் அநீதி. அங்கீகாரமோ பரிசன்று. ஓடியவனை ஓடியவனாக அறிதல், அவன் எங்கிருந்து ஓடத் தொடங்கினான் என்பதை அறிதல், அவனுக்கு மைதானம் இருந்ததா என்று கேட்டல், அடுத்த ஆண்டும் அவன் ஓட வர வழி செய்தல் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அங்கீகாரம். அது பகிரப் பகிரக் குறைவதில்லை. அது குறைந்த இடத்தில்தான் பரிசு பெறுவோரின் தொகையும் குறைகிறது. முதற்பரிசு பெறாதோரெல்லாம் விளையாட்டை விட்டு விலகிவிட்டால், முதற்பரிசு பெறுபவன் யாரை வெல்வான்?

இன்னொரு சாரார், 'கொழும்பில் இடமில்லை, நேரமில்லை, உயர்தரப் பரீட்சையே பிள்ளைகளின் உயிர்நாடி' என்பர். இடமின்மை உண்மை. தொடர்மாடி முற்றத்தில் வாகனங்களுக்கிடையே பந்தடிக்கும் பிள்ளைகளே அதற்குச் சாட்சி. ஆயினும் மண்டபம் எடுத்து, பொன்னாடை போர்த்தி, வென்ற பிள்ளையோடு படம் பிடித்துக்கொள்ளும் சங்கங்களுக்குப் பணமும் நேரமும் எப்படியோ கிடைக்கின்றன. அப்பொன்னாடைகளின் செலவில் ஒரு மாலைப் பொழுதுக்கு ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்தல் இயலாதா? வெற்றிக்குப் பின் வரும் பாராட்டு, பாராட்டுபவனுக்கே பயன்படுகிறது. வெற்றிக்கு முன் வரும் உதவியே ஆடுபவனுக்குப் பயன்படும்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. எழுத்தாளரின் வரலாறும் அரசியல்வாதியின் வரலாறும் எழுதப்பட்ட அளவுக்கு, தமிழ்ப் பாடசாலைகளிலும் கழகங்களிலும் ஆடியோர், பயிற்றியோர், மைதானத்தைக் கூட்டிப் பெருக்கியோர் ஆகியோரின் வரலாறு எழுதப்படவில்லை. அவர்களுட் பலர் முதுமையடைந்து பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்கின்றனர். இரண்டாம் இடத்தையும் மூன்றாம் இடத்தையும் பெற்ற கதைகளோடும், எந்த இடமும் பெறாத கதைகளோடும் அவர்கள் இருக்கின்றனர். அவற்றைக் கேட்டு எழுதுவதற்குப் பொன்னாடை வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடு போதும்.

பரிசளிப்பு விழா முடிந்து மண்டபம் வெறிதாகும் வேளையில், கிண்ணத்தோடு போகும் பிள்ளையைச் சுற்றி உற்றார் கூட்டம் நிற்கிறது. வெறுங்கையோடு காலி வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பிள்ளைகள் நூற்றுவர். அவர்கள் அன்றிரவு வீட்டிற்குப் போய், தொலைக்காட்சியில் பூனை நூறாவது தடவை விழுந்து எழுவதைப் பார்த்துச் சிரிப்பர். பெற்றோர் அதனை நிறுத்திவிட்டுப் படிக்கச் சொல்வர். அப்பிள்ளைகளிடம் அன்று பரிவோடு பேசியது அந்தப் பூனை ஒன்றுதான் என்றால், வெட்கப்பட வேண்டியவர்கள் பிள்ளைகள் அல்லர்.